இசே ஆலயத்தில் வழிபடும் முறையும் அதன் பொருளும்

ஜப்பானின் மியே மாகாணத்தில் இசே நகரில் அமைந்துள்ள இசே ஆலயம், ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷிண்டோவைச் சேர்ந்தது. அது ஒரே கட்டடம் அன்று. 125 ஆலயங்கள் சேர்ந்த தொகுதி. அவற்றுள் முதன்மையானவை உணவின் தெய்வமான தொயோஉகேயின் வெளி ஆலயமும் சூரிய தேவதையான அமதெராசுவின் உள் ஆலயமும் ஆகும். வெளி ஆலயத்தில் வணங்கிய பின்னரே உள் ஆலயத்துக்குச் செல்வது மரபு என்பதால், இசே நகர ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள வெளி ஆலயத்தில் தொடங்கிப் பேருந்தில் உள் ஆலயத்தை அடையலாம். காலை 5 மணிக்கே நடை திறந்துவிடுவதால், கூட்டம் சேருமுன் செல்வது நல்லது.

உள் ஆலயத்துக்குச் செல்லும் உஜி பாலத்தின் தோரி வாயிலில் (ஆலய நுழைவைக் குறிக்கும் மர வளைவு) நின்று ஒருமுறை தலைவணங்கிவிட்டு, வலப்புறமாக நடக்க வேண்டும். வெளி ஆலயத்தில் இடப்புறமாக நடப்பது வழக்கம். இசுசு ஆற்றங்கரையில் கைகளைக் கழுவித் தூய்மை செய்துகொள்ளலாம். சன்னிதியில் இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். முதன்மைச் சன்னிதி நன்றி செலுத்துவதற்கான இடம். சொந்த வேண்டுதல்களை அருகிலுள்ள அரமத்சுரி ஆலயத்தில் வைப்பதே முறை. சன்னிதிக்கு ஏறும் கற்படிகளுக்கு மேல் படம் எடுக்கக் கூடாது.

தெய்வத்தைக் கண்ணால் காணும் எதிர்பார்ப்போடு வருபவருக்கு இங்கே தெரிவது வேலியும், வெண்திரையும், கூரையின் ஒரு பகுதியும் மட்டுமே. அமதெராசுவின் அடையாளமான புனிதக் கண்ணாடி யார் பார்வைக்கும் வைக்கப்படுவதில்லை. ஆகவே பார்வையைப் பக்கத்திலுள்ள வெற்று நிலத்தின் பக்கம் திருப்புங்கள்; என் கருத்தில் இசேயின் உட்பொருள் அங்கேதான் தெளிவாகிறது. கி.பி. 690-இல் தொடங்கிய வழக்கப்படி, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த நிலத்தில் ஹினோகி எனும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் அதே வடிவில் புதிய ஆலயம் எழுப்பப்பட்டு, தெய்வம் அதற்கு மாற்றப்படுகிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேலாகத் தடைபட்ட இப்பணி மீண்டும் உயிர்பெற்று, 2013-இல் 62-ஆம் முறையாக நிறைவேறியது. அடுத்தது 2033-இல் நடைபெறும். மூத்த தச்சரின் கைத்திறன் இளையவருக்குப் பணியின் ஊடாகவே சென்று சேர்வதற்கு இந்த இடைவெளி வழி செய்கிறது. ஆலயத்தின் தொன்மை மரத்தில் இல்லாமல் அந்தக் கைகளில் தங்கியிருக்கிறது. பழைய மரமும் வீணாவதில்லை: உஜி பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரி வாயில்கள், முந்தைய ஆலயங்களின் முகட்டைத் தாங்கிய தூண்களால் ஆனவை.