லிம்போமா செல்லுல டார்கெட்டட் மருந்து டெஸ்ட் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

லேப்புக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் நாங்க விழுந்த அதே குழியில தான் வந்து விழுறாங்க. மைக்கோபிளாஸ்மா பாரு, பிபெட்ட சரி பாருன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

எந்த மருந்தா இருந்தாலும் 72 மணி நேரத்துல ரிசல்ட் பாக்குறது

இத நெனச்சா இன்னும் எரிச்சலா வருது. வெனிடோகிளாக்ஸ், செல்ல சாக விடாம காக்குற பிசிஎல்2 புரதத்த அடைக்கிற மருந்து, அந்தப் புரதத்த நம்பி உயிரோட இருக்கிற செல்லுன்னா சில மணி நேரத்துலயே சாக ஆரம்பிச்சிரும், 72 மணி நேரம் தாராளம். டாசெமெடோஸ்டாட் அப்படியா? அது ஹிஸ்டோன்ல (டிஎன்ஏ சுத்தியிருக்கிற புரதம்) மீத்தைல் குறி ஒட்டி ஜீன அமுக்கி வைக்கிற ஈஇசட்எச்2 என்சைமத் தடுக்குது அவ்ளோதான், ஹிஸ்டோன்ல ஏற்கெனவே ஒட்டியிருக்கிற மீத்தைல் குறி செல் பிரியப் பிரியத்தான் குறையும், அதுக்கப்புறம் அமுங்கிக் கிடந்த ஜீன் எல்லாம் முழிக்கணும், அப்புறம்தான் வளர்ச்சி நிக்கும். ஒரு வாரம் ஆகலாம், மேலயும் ஆகலாம்.

எங்க லேப்ல ஒரு தம்பி இந்த டாசெமெடோஸ்டாட்ட எஸ்யு-டிஎச்எல்-6ங்கிற லிம்போமா செல்லுல போட்டான், ஈஇசட்எச்2 மியூட்டேஷன் உள்ள செல் தான். மூணாம் நாள் ஏடிபி ரீடிங் (உயிரோட இருக்கிற செல் எவ்ளோன்னு காட்டுறது) எடுத்தா எந்த டோஸ்லயும் அசையல. மருந்து கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினான், அப்புறம் செல் மேலயே சந்தேகப்பட்டு எஸ்டிஆர் டெஸ்டுக்கு (செல் அதே செல் தானான்னு டிஎன்ஏ வச்சுப் பாக்குறது) அனுப்பினான், அப்படியே மாசக்கணக்குல போச்சு. கடைசில ஃப்ரீசர்ல கெடந்த செல் பெல்லட்ட எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தப் பாக்குற டெஸ்ட்) ஓட்டினா எச்3கே27 டிரைமீத்தைல் (அதே ஹிஸ்டோன் குறி) பேண்ட் நல்லா மங்கியிருக்கு! மருந்து அது பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு, இவன் பார்த்த நாள் தான் தப்பு.

அதுக்காக அதே பிளேட்ட பத்து நாள் இன்குபேட்டர்ல விட்றாதீங்க. மருந்து போடாத கன்ட்ரோல் வெல்லுல (பிளேட்டோட குழி) நெரிசலாகி மீடியம் தீர்ந்து அதுவே சுணங்கிரும், வித்தியாசம் தெரியாது. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா எண்ணி, எல்லாத்தையும் ஆரம்ப எண்ணிக்கைக்கே கொண்டுவந்து, புது மருந்து போடுங்க, ஒவ்வொரு தடவ பிரிச்ச விகிதத்தையும் பெருக்கி மொத்த வளர்ச்சிய கணக்கு பண்ணுங்க.

ஏடிபி குறைஞ்சா செத்துருச்சா?

இல்ல. வளராம நின்னாலும் கன்ட்ரோல விட கம்மியாத்தான் காட்டும். மருந்து போடுற அன்னிக்கே ஒரு ரீடிங் எடுத்து வைங்க, செத்துட்டிருக்கிற செல்லக் காட்டுற அனெக்சின் வி-யும் பாருங்க.

ஏபிசி டைப்னா இப்ரூடினிப் கேக்கும்னு நம்புறது

ஏபிசிங்கிறது பெரிய பி-செல் லிம்போமாவுல ஒரு வகை, இப்ரூடினிப் பிடிகே என்சைம அடைக்கிற மருந்து. டிஎம்டி8, ஓசிஐ-லை3 ரெண்டுமே ஏபிசி செல் தான். டிஎம்டி8ல கேக்கும். ஓசிஐ-லை3ல கேக்காது, அதுல கார்ட்11 ஜீன்ல மியூட்டேஷன் இருக்கு, அது சிக்னல் பாதையில பிடிகே-வுக்குக் கீழ, மேல அடைச்சாலும் கீழ சிக்னல் ஓடிட்டே தான் இருக்கும்.

சீரம் அளவ மாத்திட்டு பழைய ஐசி50யோட (வளர்ச்சிய பாதியாக்குற டோஸ்) ஒப்பிடுறது

வெனிடோகிளாக்ஸ் சீரம் புரதத்துல பயங்கரமா ஒட்டிக்கும், சீரம் கூடினா செல்லுக்குக் கிடைக்கிற மருந்து குறையும். ஒப்பிடாதீங்க.

டிஎம்எஸ்ஓ

மருந்தக் கரைக்கிற திரவம் இது, எல்லா வெல்லுலயும் ஒரே அளவு. கன்ட்ரோல்லயும் தான்.