லீல் நகருக்கு முதல்முறை போகிறீர்களா? இரண்டு நாள் பயணத்தைத் திட்டமிடுவது இப்படி

பிரான்ஸ் என்றால் பாரிஸ், நேரம் மிச்சம் இருந்தால் தெற்கே நீஸ். நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. வடக்கே பெல்ஜிய எல்லையை ஒட்டியிருக்கும் லீலை யாரும் யோசிப்பதே இல்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் நடந்தே போய்விடலாம். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படிக்கும் ஊர் என்பதால் மாலையானால் தெருவெல்லாம் ஜேஜே என்று இருக்கும். செங்கல்லும் செதுக்கு வேலையுமாக நிற்கும் வீடுகள், பீர் ஊற்றிச் சமைக்கும் சாப்பாடு என எல்லாவற்றிலும் பிளெமிய (ஃப்ளாண்டர்ஸ் வட்டார) மணம் வீசும். பாரிஸில் இது கிடைக்காது.

சுற்றிப் பார்க்க இரண்டு நாள் போதும். எந்த இரண்டு நாள் என்பதைச் சரியாக முடிவு செய்வதுதான் முக்கியம்.

படி 1: முதலில் கிழமை, அப்புறம் டிக்கெட்

லீலின் வாஸெம் பகுதிச் சந்தை களைகட்டுவது ஞாயிறு காலையில். பழைய பங்குச் சந்தை முற்றத்தின் புத்தகக் கடைகளைத் திங்கட்கிழமை பார்க்க முடியாது. நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, பக்கத்து ஊர் ரூபேயில் உள்ள லா பிஸீன் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சனி, ஞாயிறுதான் பொருத்தம். துணிமணி, சாக்லேட் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை.

செப்டம்பரின் முதல் வார இறுதியை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். அன்றுதான் ப்ராதெரி. இடைக்காலத்திலிருந்து தொடர்ந்து வரும் இந்தப் பழைய பொருள் சந்தை, ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது என்று பெயர் வாங்கியது. நகரத்தின் நடுப்பகுதி முழுக்க வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தெரு நெடுகப் பழைய விளக்கு, பீங்கான், நாற்காலி, இசைத்தட்டு எனப் பரப்பி வைத்திருப்பார்கள். உணவகங்களில் கடல் சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் பிரதான விற்பனை. சாப்பிட்ட சிப்பி ஓடுகளை வாசலிலேயே மலைபோலக் குவிப்பது வழக்கம், எந்தக் கடையின் குவியல் பெரியது என்று போட்டியே நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் கட்டாயம் போங்கள், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். அருங்காட்சியகம், பழைய தெருக்கள் என நிதானமாகப் பார்க்க நினைத்தால் வேறு வாரம் நல்லது. எந்த மாதமானாலும் மழை வரலாம், குடையை மறக்காதீர்கள்.

படி 2: ரயிலும் இரண்டு நிலையங்களும்

பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் உண்டு. சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் பாரிஸுக்குள் போகவே வேண்டாம், அங்கிருந்தே லீலுக்கு நேரடி ரயில் இருக்கிறது. லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பிரஸ்ஸல்ஸிலிருந்து அதில் பாதிகூட ஆகாது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் வசித்தாலும் பிரான்ஸுக்கு வர ஷெங்கன் விசா வாங்க வேண்டும்.

லீலில் இரண்டு பெரிய நிலையங்கள்: லீல் ஃப்லாந்த்ர், லீல் எரோப். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடலாம் என்றாலும், திரும்பும் ரயில் எதிலிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ரயில் எரோப் நிலையத்திலிருந்து புறப்படும். பாஸ்போர்ட் சோதனை இருப்பதால் முன்னதாகவே போய்விட வேண்டும். ஃப்லாந்த்ர் நிலையத்தின் முகப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது முதலில் பாரிஸின் கார் து நோரில் இருந்தது. அங்கே புதிய கட்டடம் கட்டியபோது பழைய முகப்பைப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

படி 3: தங்குமிடம்

ஃப்லாந்த்ர் நிலையத்துக்கும் பெரிய சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை எடுங்கள். பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நடக்கத் தொடங்கலாம். நகருக்குள் சுற்றக் கார் வேண்டவே வேண்டாம்.

படி 4: சனிக்கிழமை, நடை

பெரிய சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸின் முன்னாள் அதிபர் சார்ல் து கோல் 1890-ல் பிறந்தது இந்த ஊரில்தான், சதுக்கத்தின் அதிகாரப்பூர்வப் பெயரும் அவருடையதே. நடுவில் தூண் மேல் நிற்கும் பெண் சிலையை ஊரார் 'தேவி' என்பார்கள். 1792-ல் ஆஸ்திரியப் படை ஊரை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது லீல் பணியவில்லை. அதன் நினைவாக 1845-ல் வைத்த சிலை அது. அவள் கையில் இருப்பது பீரங்கியைப் பற்றவைக்கும் கோல். பழைய சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் அந்த முற்றுகையின் பீரங்கிக் குண்டுகள் இன்றும் பதிந்திருப்பது தெரியும்.

சதுக்கத்தின் ஓரத்தில் பழைய பங்குச் சந்தை. லீலில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊர் ஸ்பானிய ஆட்சியில் இருந்த 1653-ல் கட்டி முடித்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாளிகை, உண்மையில் ஒரு முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய 24 வீடுகள். மதியம் ஒரு மணிக்கு மேல் போங்கள். வளைவுகளின் நிழலில் மேசை போட்டுப் பழைய புத்தகம், காமிக்ஸ், அஞ்சலட்டை விற்பார்கள். ஒரு பக்கம் பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள், சுற்றி நின்று பார்ப்பவர்களும் உண்டு. காசு செலவழிக்காமலே ஒரு மணி நேரம் போய்விடும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் வியே லீல் என்கிற பழைய நகரம். கல் பதித்த தெருக்களில் வழி தவறினாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடத்தில் தெரிந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். நோத்ர் தாம் து லா த்ரேய் பேராலயத்துக்குள் கட்டாயம் நுழையுங்கள். 1854-ல் தொடங்கிய கட்டடம், முகப்பு முடிந்தது 1999-ல். வெளியே நின்று பார்த்தால் அந்த முகப்பு வெறும் சாம்பல் நிறப் பலகை மாதிரி இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள், மெல்லிய பளிங்கு வழியாக வெளிச்சம் ஊடுருவி சுவர் முழுக்க ஆரஞ்சாக ஒளிரும்.

மாலை வரை நேரம் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று நுண்கலை அருங்காட்சியகம். கோயாவின் ஓவியங்களைவிட அதன் கீழ்த்தளத்தில் உள்ள பிரம்மாண்டமான நகர மாதிரிகள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். மற்றொன்று கோட்டை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1667-ல் ஊரைப் பிடித்ததும் அவருடைய ராணுவப் பொறியாளர் வோபான் கட்டிய ஐந்து முனை நட்சத்திரக் கோட்டை அது. உள்ளே இன்றும் ராணுவம் இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள பூங்காவில் யாரும் நடக்கலாம்.

படி 5: சாப்பாடு

எஸ்தாமினே என்று பலகை போட்ட கடைகளைத் தேடுங்கள். மர மேசையும் பழைய சாமான்கள் தொங்கும் சுவர்களுமாக இருக்கும் பிளெமிய பாணி உணவகங்கள் அவை. கார்பொனாத் என்பது மாட்டிறைச்சியைப் பீரில் நெடுநேரம் வேகவைத்த, லேசாக இனிக்கும் குழம்பு. வெல்ஷ் என்றால் ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் வைத்து, பீரில் உருக்கிய செடார் சீஸை மேலே ஊற்றிச் சூடாகத் தருவது. இரண்டுமே கனமான சாப்பாடு, ஆளுக்கொன்று தாராளம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மாருவால் சீஸ் போட்ட தார்த் (மாவுத் தட்டில் சுட்டது) நல்ல தேர்வு. மணம் தூக்கலாக இருக்கும், சுவை அவ்வளவு காரமில்லை. உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பிவிடாதீர்கள், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். 'சான் வியாந்த்' என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்பது புரியும். நேரமும் முக்கியம்: மதியம் இரண்டு மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், மறுபடி ஏழு மணிவாக்கில்தான் திறக்கும்.

இனிப்புக்கு எஸ்கெர்முவாஸ் தெருவில் உள்ள மேர் கடை. மெல்லிய, மிருதுவான வாஃபிளுக்குள் மடகாஸ்கர் வெனிலா க்ரீம் தடவித் தருவார்கள். மொறுமொறுப்பான வாஃபிளை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வேறு ரகம்.

படி 6: ஞாயிறு, சந்தையும் நீச்சல்குளமும்

காலையில் மெட்ரோவில் காம்பெத்தா நிலையத்தில் இறங்குங்கள். 1983-ல் ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது. முன் இருக்கை கிடைத்தால் சுரங்கப்பாதை கண்ணெதிரே விரியும். வாஸெம் சந்தையில் காய்கறி, பூ, துணி, ஆலிவ், புதினாக்கட்டு, சுடச்சுடச் சுழலும் கோழி எல்லாம் உண்டு. வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் நமக்குப் பழகிய மசாலாக்களும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஃப்லாந்த்ர் நிலையத்தில் இரண்டாம் தடத்துக்கு மாறி ரூபே போங்கள். இறங்க வேண்டியது கார் ழான் லெபா நிலையம். லா பிஸீன் வார இறுதியில் மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்பதால் சரியாக இருக்கும். ரூபே நெசவாலைகளின் ஊர். 1932-ல் அந்த ஊர் மக்களுக்காகக் கட்டி முடித்த நீச்சல்குளம் இது. 1985-ல் மூடியது, 2001-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. குளத்தின் நடுவே நீரை ஒரு நீண்ட பட்டையாக விட்டுவைத்து இருபுறமும் சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். இரு கோடியிலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்: ஒன்றில் உதயம், மற்றதில் அஸ்தமனம். பழைய குளியலறைத் தடுப்புகளே காட்சிப் பெட்டிகள். அவ்வப்போது குழந்தைகள் நீரில் குதித்துக் கூச்சலிடும் பதிவை ஒலிக்கவிடுவார்கள், கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பாதவர்கள் குறைவு.

படி 7: இன்னொரு நாள் இருந்தால்

லான்ஸ் நகருக்கு ரயிலில் போய் லூவ்ர் லான்ஸைப் பார்க்கலாம். பழைய நிலக்கரிச் சுரங்க இடத்தில் 2012-ல் திறந்த, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிளை இது. செவ்வாய் தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும்.

கார் எடுக்க முடிந்தால் நான் சொல்வது நவ் ஷப்பெல். முதல் உலகப் போரில், 1915 மார்ச்சில் இந்தியப் படைகள் போரிட்ட ஊர். மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்களை வட்டச் சுவரில் பொறித்து 1927-ல் நினைவிடம் திறந்தார்கள். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருப்பதால், யாரையாவது தேடிப் போகிறீர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் பலகை எண்ணும் முன்பே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.