பிரிண்டர் டிரைவர் போடுவது எப்படி? கேபிளைக் கடைசியில் குத்துங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாஞ்சேனை மாமி போன் எடுத்தார். பேரனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. மாதிரி வினாத்தாள்களை நாளுக்கு நாள் கடையில் கொப்பி எடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கியிருக்கிறார்.

"தம்பி, வயர் எல்லாம் குத்தியாச்சு, லைட்டும் எரியுது. ஆனா ஒண்டும் அடிக்குதில்லை."

"எந்த வயரை முதல்ல குத்தினீங்க மாமி?"

"பெட்டிக்குள்ள இருந்த எல்லாத்தையும்தான்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வரும் பிரிண்டர் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பிரிண்டரில் பழுது இருக்காது, கொம்பியூட்டரிலும் இருக்காது. வேலைகளின் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன். 10 வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர் ஓரிரண்டு மாறுமே தவிர வழி ஒன்றுதான்.

டிரைவர் என்றால் என்ன?

கந்தோர் கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர் மொழி தெரியாது என்று வையுங்கள். நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் நின்றால் வேலை நடக்கும். டிரைவர் அந்த நடு ஆள். வேர்டில் நீங்கள் அடித்த பக்கத்தை பிரிண்டருக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. எல்லாப் பிரிண்டரும் ஒரே மொழி பேசுவதில்லை. எச்பி லேசர்கள் பலவற்றுக்கு பிசிஎல் என்ற மொழி, பதிப்பகங்களில் இருக்கும் பெரிய மெஷின்களுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட், எப்சன் இங்க்ஜெட்களுக்கு அவர்களுடைய இஎஸ்சிபி வகை. ஆள் மாறி நின்றால், பக்கத்துக்கு ஒரு வரி கிறுக்கல் எழுத்தோடு தாள் தாளாக வெளியே தள்ளும். அதைப் பார்த்தவுடன் பிரிண்டர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் பவரை ஒஃப் பண்ணித் தாளைக் காப்பாற்றுங்கள், அப்புறம் டிரைவரைப் பாருங்கள்.

முதல் படி: கேபிளைத் தொடாமல் பெட்டியைப் பிரியுங்கள்

மின்சார வயரை மட்டும் குத்துங்கள். யுஎஸ்பி கேபிளைப் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். பயணத்தில் அசையாமல் இருக்க ஒட்டியிருக்கும் நிற டேப்புகளை எல்லாம் கழற்ற வேண்டும். மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள், அங்கேதான் ஒன்று ஒளிந்திருக்கும். இங்க் டேங்க் பிரிண்டர் என்றால் மையை ஊற்றி, கையேட்டில் சொன்ன பட்டனை அழுத்தியதும் குழாய்களுக்குள் மை ஏறத் தொடங்கும். அதற்குப் பல நிமிடம் எடுக்கும். லைட் மினுங்குவது நிற்கும்வரை ஒஃப் பண்ணாதீர்கள். மின்வெட்டு அறிவித்திருக்கும் நேரத்தில் இதைத் தொடங்கவும் வேண்டாம்.

இரண்டாம் படி: மொடல் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்

"எப்சன்தான், கறுப்புக் கலர்" என்பது மொடல் பெயர் இல்லை. முன்பக்கத்தில் அல்லது பின்பக்க ஸ்டிக்கரில் எழுத்தும் இலக்கமுமாக ஒன்று இருக்கும். எல்3210, எல்3250 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் வைஃபை இருப்பது 3250இல் மட்டும். ஓர் இலக்கம் மாறினால் இல்லாத வைஃபையை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ வாங்கும்போதே பில்லில் மொடலை முழுதாக எழுதச் சொல்லி வாங்குவது என் பழக்கம்.

கொம்பியூட்டர் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரி வரும். பெரும்பாலும் 64 பிட், எக்ஸ்64 என்றிருக்கும். அதில் ஆர்ம் என்றிருந்தால் கொஞ்சம் கவனம். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட புது லெப்டொப்கள் அந்த வகை. மற்ற சொஃப்ட்வெயார் பலவும் அதில் ஓடிவிடும். ஆனால் சாதாரண 64 பிட் பிரிண்டர் டிரைவர் ஓடாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸோடு வரும் பொது டிரைவரில் காலத்தை ஓட்ட வேண்டும். பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் லெப்டொப் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மூன்றாம் படி: டிரைவரை இறக்குவது

பெட்டியில் சீடி இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் இருப்பது பழைய பதிப்பு, உங்கள் லெப்டொப்பில் அதைப் போட இடமும் இருக்காது.

கூகிளில் மொடல் பெயரோடு டிரைவர் என்று தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். பச்சை நிறத்தில் பெரிய டவுன்லோட் பட்டன் வைத்துக் கூப்பிடும் பக்கங்களை நம்ப வேண்டாம். "உங்கள் கொம்பியூட்டரில் இருபது டிரைவர் பழசாகிவிட்டது" என்று பயமுறுத்தும் அப்டேட்டர்களையும்தான். அவை இலவசமாக வந்து காசு கேட்கும், சிலது அதைவிட மோசமானதையும் கூட்டிக்கொண்டு வரும். தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போங்கள், சப்போர்ட் பக்கத்தைத் திறந்து மொடலை அடியுங்கள். உங்கள் விண்டோஸைத் தானாகவே கண்டுபிடித்து ஒரு பட்டியல் காட்டும்.

அங்கே இரண்டு வகை இருக்கும். ஒன்று எல்லாம் அடங்கிய முழுப் பெக்கேஜ், இன்னொன்று வெறும் டிரைவர். முழுப் பெக்கேஜ் சில நூறு எம்பிக்குப் போகும். டேட்டா முடியப்போகிறவர்கள் வெறும் டிரைவரை இறக்குங்கள், அச்சடிக்க அது போதும். ஸ்கேனரும் இருக்கும் பிரிண்டர் என்றால் ஸ்கேன் டிரைவரையும் சேர்த்து எடுக்க வேண்டும். மாமிக்கு நான் அப்படித்தான் இரண்டையும் தனித்தனியாக இறக்கிக் கொடுத்தேன்.

நான்காம் படி: இன்ஸ்டோல்

இறக்கிய ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மாற்றம் செய்யவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். கந்தோர் கொம்பியூட்டர் என்றால் இந்த இடத்தில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு மறிக்கும். நெட்வேர்க் பிரிண்டரைச் சேர்க்கப் போனாலும் அதே கதை. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அச்சு வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலர் வழியாக ஒருவர் முழுக் கொம்பியூட்டரையும் கைப்பற்ற முடிந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் மைக்ரோசொஃப்ட் விட்ட அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வேர்க்கிலிருந்து பிரிண்டர் டிரைவர் போட அட்மின் அனுமதி கட்டாயமாகிவிட்டது. ஐடி பொடியனோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

அடுத்து எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்று கேட்கும்: யுஎஸ்பியா, வைஃபையா. யுஎஸ்பி என்று கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் "இப்போது கேபிளை இணைக்கவும்" என்று திரையில் வரும். பெட்டிக்குள் விட்ட கேபிளை வெளியே எடுக்கும் நேரம் இதுதான். சதுரமான முனை பிரிண்டருக்கு, தட்டையானது லெப்டொப்புக்கு. ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட கேபிள் வாங்காதீர்கள், யுஎஸ்பி 2.0 அதற்குமேல் தாங்காது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், கேபிளை முன்பே குத்தினால் விண்டோஸ் தனக்குத் தெரிந்ததை வைத்து ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிடும். பல பிரிண்டர்களுக்கு அதுவே சரியாக அமைந்துவிடுவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அமையாவிட்டால் பிரிண்டர் பெயர் தெரியாத சாதனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், பிறகு வரும் சரியான டிரைவர், பிரிண்டர் இணைந்திருக்கும் வாசலான போர்ட்டைக் கண்டுபிடிக்காமல் திணறும். மாமி வீட்டில் நடந்தது இதுதான். கேபிளைக் கழற்றி, பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் இருந்த அரைகுறைப் பதிவை ரிமூவ் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணி, மேலே சொன்ன வரிசையில் திரும்பத் தொடங்கச் சொன்னேன். போனிலேயே முடிந்தது.

வைஃபையில் இணைப்பவர்களுக்கு

வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், கலியாண அழைப்பிதழ் மாதிரிப் பெயர்கள் வரிசையாக வரும். அதில் உங்கள் வீட்டுப் பெயரே இரண்டு இருக்கலாம், ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். அது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். வால் இல்லாத பெயரில் பிரிண்டரை இணையுங்கள். லெப்டொப் 5ஜி பெயரில் இருந்தாலும் ரவுட்டர் ஒன்றென்றால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று காணும். விருந்தினருக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் மட்டும் போடாதீர்கள், அதில் இருக்கும் சாதனங்களை ரவுட்டர் வேண்டுமென்றே பிரித்து வைக்கும். இது தெரியாமல் என் சொந்தப் பிரிண்டரில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

பிரிண்டர் வைஃபையில் ஏறிய பிறகு செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், அட் டிவைஸ். பெயர் வந்ததும் பக்கத்தில் இருக்கும் அட் பட்டன். பெயர் வரவே இல்லையென்றால் கீழே மெனுவலாகச் சேர்க்க ஒரு லிங்க் வரும். அதில் பிரிண்டரின் ஐபி இலக்கத்தை, அதாவது வீட்டு நெட்வேர்க்கில் அதற்குள்ள விலாசத்தை, கொடுத்துச் சேர்க்கலாம். அந்த இலக்கம் பிரிண்டர் தானே அச்சடித்துத் தரும் நெட்வேர்க் பக்கத்தில் இருக்கும்.

இங்கே கரண்ட் போய் வந்த பிறகு "பிரிண்டர் ஒஃப்லைன்" என்று காட்டுவது சாதாரணம். ரவுட்டர் திரும்ப எழும்பும்போது பிரிண்டருக்கு வேறொரு ஐபி கொடுத்திருக்கும், விண்டோஸ் பழைய விலாசத்துக்கே போய்க் கதவு தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ஒன்று உண்டு. அதில் பிரிண்டருக்கு ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

அச்சடிக்குமுன் மாற்ற வேண்டிய இரண்டு

விண்டோஸ் தன் பாட்டில் டிஃபோல்ட் பிரிண்டரை, அதாவது தானாகவே தெரிவாகும் பிரிண்டரை, மாற்றிக்கொண்டிருக்கும். பிரிண்ட் கொடுத்தால் தாள் வராமல் ஃபைலுக்குப் பெயர் கேட்கிறதா? அது தாளுக்குப் பதில் பிடிஎஃப் ஃபைல் ஆக்கித் தரும் பிரிண்ட் டு பிடிஎஃப்புக்குப் போயிருக்கிறது. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபோல்ட் பிரிண்டர்" என்பதை ஒஃப் பண்ணி, உங்கள் பிரிண்டரைத் திறந்து செட் ஏஸ் டிஃபோல்ட் கொடுங்கள்.

இரண்டாவது தாள் அளவு. புது லெப்டொப் அமெரிக்க அமைப்பில் வந்திருந்தால் தாள் அளவு லெட்டர் என்றிருக்கும். லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர். நாம் கடையில் வாங்கும் ஏ4 210க்கு 297. உயரத்தில் 18 குறைவு, அகலத்தில் 6 கூட. அதனால்தான் சில வினாத்தாள்களில் வலது ஓரம் நறுக்கென்று வெட்டுப்பட்டு அடியில் வெறும் வெள்ளையாக வருகிறது. சில பிரிண்டர் தாள் சரியில்லை என்று அடம்பிடித்து நின்றே விடும். பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸ் திறந்து ஏ4 ஆக்குங்கள். வேர்ட் ஃபைலுக்குள் லேஅவுட், சைஸ் போய் அங்கேயும் ஏ4தானா என்று பாருங்கள், இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸில் டிராஃப்ட், கறுப்பு வெள்ளை இரண்டையும் தெரிவு செய்துவிட்டால் பயிற்சித் தாள்களுக்கு மை மிச்சம்.

இனி பிரிண்டர் ப்ரொபர்டீஸ் திறந்து பிரிண்ட் டெஸ்ட் பேஜ். வரும் தாளை எறிந்துவிடாதீர்கள், டிரைவரின் பெயரும் போர்ட்டின் பெயரும் அதில் இருக்கும். பிறகு யாரிடமாவது உதவி கேட்கும்போது அதை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

வரிசையில் சிக்கிக்கொண்டால்

ஒரு வேலை நடுவில் மாட்டி, கென்சல் கொடுத்தாலும் "டிலீட்டிங்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வரிசைதான் நீளும். ஸ்டார்ட் மெனுவில் சேர்விசஸ் என்று தேடித் திறந்து, பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டொப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கிறுக்கல் வருகிறது, ஆனால் தமிழில் மட்டும்தான் என்றால்

மாமியின் பேரனுக்கு டீச்சர் பென்டிரைவில் கொடுத்த வினாத்தாள் இப்படித்தான் வந்தது. ஆங்கிலப் பகுதி சுத்தமாக இருக்கிறது, தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல். மாமி உடனே டிரைவரைச் சந்தேகித்தார். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் வேலை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இலக்கம் வைத்திருக்கும் யூனிகோட் முறை அதில் இல்லை. அதில் அம்மா என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் பதிவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து எழுத்துத்தான். பாமினி எழுத்துரு இருக்கும் கொம்பியூட்டரில் அது அம்மாவாகத் தெரியும், இல்லாத இடத்தில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். திரையிலேயே அப்படித்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிரைவரைக் கழற்றி மாட்டுவதில் பயனில்லை, பாமினி எழுத்துருவைப் போட்டால் தெரியும். அல்லது டீச்சரிடமே அவருடைய கொம்பியூட்டரில் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள். மாமி இரண்டாவதைத்தான் செய்தார். திங்கட்கிழமை பின்னேரம் டீச்சர் வட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினார்.