தேதி பார்த்துச் சங்கீதம் ஜெபிக்க

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள், அதாவது ஜெபப் பாடல்கள், இருந்தாலும், பலருக்கு வாயில் வருவது 23, 51, 91, 121 என்று ஏழெட்டுதான். மனசுக்கு ஆறுதலானதையே திரும்பத் திரும்பப் புரட்டினால், அன்றைய நம் மனநிலைதான் ஜெபத்தை நடத்தும். தேர்ந்தெடுக்கும் வேலையைத் தேதியிடம் விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

கணக்கு சுலபம். இன்றைய தேதி எண்ணில் தொடங்கி முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 14-ம் தேதி என்றால் 14, 44, 74, 104, 134. இப்படி 30 நாளில் புத்தகம் முடிந்துவிடும். 29-ம் தேதியில் வரும் 119-ஐ மட்டும் தள்ளி வைத்து, 31-ம் தேதி உள்ள மாதத்தில் அந்த நாளுக்குக் கொடுங்கள். அதில் 176 வசனங்கள். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள். காலை 8, மதியம் 7, இரவு 7 பகுதி என்று பிரித்தால் மூச்சு முட்டாது. பிப்ரவரியில் விடுபடுகிற நாட்களை மார்ச்சில் ஈடுகட்டத் தேவையில்லை, அவை அடுத்த சுற்றில் தானே வரும்.

எல்லா நாளும் ஒரே அளவு இராது. 3-ம் தேதிக்கு மொத்தம் 50 வசனம்தான். 18-ம் தேதிக்கோ 157. அதில் 78-வது சங்கீதம் மட்டுமே 72 வசனம். தொடங்கியவர்கள் பலர் கைவிடுவது இப்படிப்பட்ட நாளில்தான். முந்தின இரவே பக்கத்தைப் பார்த்து, நீளமானதை மாலைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஐந்தும் கனமாகத் தெரிந்தால் முதல் மாதம் ஒன்றே ஒன்று போதும்: தேதி எண் உள்ள சங்கீதம். அடுத்த மாதம் 30 கூட்டி எடுங்கள். ஐந்து மாதத்தில் ஒரு சுற்று.

வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் தெரிந்த வரிகளில் வேகம் கூடிவிடும். அநேக வசனங்களில் முதல் பாதி சொன்னதையே இரண்டாம் பாதி வேறு விதமாகச் சொல்லும், அல்லது இன்னும் அழுத்தும். அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். சில சங்கீதங்களில் வரும் ‘சேலா’ என்ற எபிரெயச் சொல் அச்சிட்டிருக்கும் இடத்திலும் அப்படியே. அதை உச்சரிக்க வேண்டாம், நின்றால் போதும்.

வாசித்ததை ஜெபமாக்குவது எப்படி? 13-வது சங்கீதத்தில் பழகுங்கள், ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அங்கே நிறுத்தி, நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 3, 4-ல் விண்ணப்பம். உங்களுடையதையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். 5, 6-ல் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்னும் உள்ளத்தில் வரவில்லையென்றாலும் வாசித்துவிடுங்கள், நடிக்கத் தேவையில்லை.

உண்மையில் கடினமான நாள் 28. 58-ல் எதிரியின் பற்களைத் தகர்க்கச் சொல்லும் கூக்குரல். 88 ஆறுதல் ஒன்றும் சொல்லாமலே முடிந்துபோகிறது. பக்தியான ஒரு விளக்கம் கொடுத்து இவற்றை மழுங்கடிப்பது பரவலான பழக்கம். அது வேண்டாம். 88-ஐ, இன்று அந்த இருளில் இருக்கிற ஒருவருக்காக அவர் இடத்தில் நின்று வாசியுங்கள். பழி கேட்கும் சங்கீதங்களை (109, 137-ம் இந்த வகைதான்) உங்களுக்கு ஆகாதவர் முகத்தை நினைத்து வாசிக்காதீர்கள்; கொடுமைக்கு ஆளாகி வாய் திறக்க முடியாதவர்களின் முறையீடாக வாசியுங்கள். நியாயம் தீர்ப்பதைத் தேவனிடம் ஒப்படைத்த பேச்சு அது. அதே 28-ல் 118-ம் 148-ம் துதியாக வரும். அவசரமாக அதற்குத் தாவ வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள்.

நாலு பேர் முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்தால் இரண்டு அணியாக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று வாசிக்கலாம். துறவற மடங்களில் நெடுங்காலமாக உள்ள முறை இது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடத்தாருக்கு எழுதிய ஒழுங்கு, ஒரு வாரத்துக்குள் 150-ஐயும் முடிக்கச் சொல்கிறது. 1549-ல் வந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப்புத்தகம் 1 முதல் 150 வரை வரிசையாகவே 30 நாளுக்குப் பங்கிட்டது. குழுவில் பழைய கத்தோலிக்கப் பதிப்பு வைத்திருப்பவர் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அதில் 10-க்கு மேல் பெரும்பாலான எண்கள் ஒன்று குறைந்திருக்கும். நமக்கு 23 என்பது அங்கே 22.

குழு ஜெபம் கெடுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். சத்தமான குரல் உள்ள ஒருவர் வேகத்தைப் பிடித்துக்கொள்வார். அவரை அணியின் நடுவில் உட்கார வைத்து, மெதுவாக வாசிப்பவரைத் தொடங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வாசித்து முடித்ததும் யாராவது விளக்கம் சொல்லத் தொடங்குவார், அது பிரசங்கமாகிவிடும். அதனால் முடிந்தபின் மூன்று நிமிடம் மௌனம். பிறகு விரும்புகிறவர் தன்னைத் தொட்ட ஒரு வரியை மட்டும் திரும்பச் சொல்லலாம், காரணம் சொல்லாமல். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அங்கே இல்லாதவர் வீட்டு விஷயம் வந்தால், “அவருடைய பெயரை மட்டும் சொல்லுங்கள், ஜெபிப்போம்” என்று நடத்துகிறவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஒரு நாளோ ஒரு வாரமோ விட்டுப்போனால் பின்னால் போய்ப் பிடிக்காதீர்கள். நிலுவை சேரச் சேர வேதாகமத்தைத் திறக்கவே தயக்கம் வரும். நாட்காட்டியைப் பார்த்து, இன்றைய எண்ணிலிருந்து தொடருங்கள்.