டென்னிஸ் வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதிப் போட்டி முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ரசிகர்களின் தீர்ப்பு வந்துவிடும். "இவர் காலம் முடிந்தது", "நெருக்கடியில் கை நடுங்கும் ஆள்", "அந்தத் தலைமுறையோடு டென்னிஸ் போயிற்று". இந்த ஆட்டத்தை உயிராக நேசிப்பவர்களே இப்படிப் பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது. டென்னிஸில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருப்பது பல சமயங்களில் நூலிழை இடைவெளிதான்.

2025 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தின் நான்காவது செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செட் எடுப்பவருக்கே வெற்றி; யானிக் சின்னர் 2-1 என்ற செட் கணக்கில் முன்னிலை. அந்த செட்டிலும் 5-3. சர்வீஸ் போடுவது கார்லோஸ் அல்காரஸ், ஸ்கோர் 0-40. அடுத்த மூன்று பாயின்ட்டுகளில் ஒன்றை எடுத்தாலும் கோப்பை சின்னருக்கு. மூன்றும் கைநழுவின. ஆட்டம் 5 மணி 29 நிமிடங்கள் நீண்டு, அல்காரஸ் வென்றார். மொத்தப் பாயின்ட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் சின்னர் 193, அல்காரஸ் 192! அன்றிரவு சின்னரின் மனவலிமையைக் கேலி செய்தவர்கள் பலர். ஐந்தே வாரங்களில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அதே அல்காரஸை அவர் வீழ்த்தினார்.

2019 விம்பிள்டன் இறுதி இன்னும் கொடுமை. ரோஜர் ஃபெடரர் எடுத்தது 218 பாயின்ட், நோவாக் ஜோகோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. ஃபெடரர் வென்ற இரண்டு செட்டுகளும் 6-1, 6-4 என்று எளிதாக முடிந்தன. ஜோகோவிச் வென்ற மூன்று செட்டுகளும், சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக்கரில் முடிந்தவை. 6-1 என்று ஜெயித்தாலும் 7-6 என்று ஜெயித்தாலும் கணக்கில் ஏறுவது ஒரு செட்தான். எந்தப் பாயின்ட்டை எப்போது எடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஜோகோவிச்சின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. அதற்காக ஃபெடரர் அன்று மோசமாக ஆடினார் என்று ஆகிவிடாது. தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றும், மொத்தப் பாயின்ட்டுகளில் 54 சதவீதம் மட்டுமே தமக்குக் கிடைத்ததாக ஃபெடரரே 2024இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னார். ஒரு தோல்வியை வைத்து ஒருவரின் ஜாதகத்தையே எழுதுமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு, கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்னும் நான்கு பெரும் போட்டிகள்) பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெவ்வேறு காலத்தவரை வரிசைப்படுத்துவது. ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, போர்க் 11, லேவர் 11 என்று அடுக்கிவிட்டால் வாதம் முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். ராட் லேவர் 1962இல் நான்கு பட்டங்களையும் வென்றவர். அதன் பிறகு தொழில்முறை ஆட்டக்காரராக மாறியதால் 1963 முதல் 1967 வரை கிராண்ட்ஸ்லாம் களத்துக்குள் அவரை விடவே இல்லை. தொழில்முறை வீரர்களுக்கும் 1968இல் கதவு திறந்தது. 1969இல் மீண்டும் நான்கையும் வென்றார். நடுவில் போன அந்த ஐந்து ஆண்டுகளை எந்தப் பட்டியல் காட்டும்? பியான் போர்க் ஆஸ்திரேலிய ஓபனில் ஆடியது 1974இல் ஒரே ஒரு முறை. நெடுந்தூரப் பயணம், குறைந்த பரிசுத்தொகை, ஆண்டிறுதி விடுமுறையை ஒட்டி வரும் தேதி எனப் பல காரணங்களால் அந்தக் காலத்து முன்னணி வீரர்கள் அதைத் தவிர்த்தார்கள். ஆந்த்ரே அகாசிகூட 1995இல்தான் முதன்முறையாக அங்கே ஆடினார். ஆடிய முதல் தடவையே பட்டமும் வென்றார். பட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கம் பின்னாளில் வந்தது. அந்தப் பழக்கத்தால் முந்தையவர்களை அளப்பது நியாயமில்லை.

மறுபக்கத்தில், பின்னாளில் வந்தவர்களை உயர்த்துவதற்காக மார்கரெட் கோர்ட்டின் 24 பட்டங்களை ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளுவோரும் உண்டு, செரீனா வில்லியம்ஸின் 23 பட்டங்களே பெரிது என்று நிறுவுவதற்காக. கோர்ட் வென்றவற்றில் 13 பட்டங்கள் 1968க்கு முந்தையவை என்பது உண்மை. ஆனால் அனைவருக்கும் கதவு திறந்த பிறகு, 1970இல், ஒரே ஆண்டில் நான்கையும் வென்றவரும் அவரே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாதம்.

இப்போதைய நிலையைப் பற்றிய புலம்பல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: ஃபெடரர், நடால், ஜோகோவிச் ஆகிய மூவர் ஆண்ட காலத்தை இயல்பு என்று எண்ணிக்கொள்வது. ஃபெடரரின் முதல் பட்டமான 2003 விம்பிள்டனில் தொடங்கி, ஜோகோவிச்சின் 24ஆவது பட்டமான 2023 அமெரிக்க ஓபன் வரை நடந்த 81 கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் 66ஐ அந்த மூவரே அள்ளிக்கொண்டார்கள். அது வரலாற்றில் ஒரு விதிவிலக்கு. அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த இளைஞரும் குட்டையாகத்தான் தெரிவார். ஆண்டி மர்ரி மூன்றே பட்டங்கள் வென்றவர் என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், அவர் 11 இறுதியாட்டங்களுக்குப் போனவர் என்பதையும், தோற்ற எட்டும் ஃபெடரரிடமோ ஜோகோவிச்சிடமோதான் என்பதையும் சொல்வதில்லை. மகளிர் பிரிவில் சாம்பியன்கள் மாறிக்கொண்டே இருப்பதைத் தரக்குறைவு என்று பேசுவதும் இதே பிழைதான். போட்டி கடுமையாக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும்.

தரவரிசையைப் பற்றி ஒன்று மட்டும். அது கடந்த 52 வாரங்களின் கணக்கு. யார் சிறந்தவர் என்ற சான்றிதழ் கிடையாது. 2022இல் விம்பிள்டனுக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. அந்த ஆண்டு பட்டம் வென்ற எலீனா ரைபகினாவுக்கு ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. அதே ஆண்டு பட்டத்தைத் தக்கவைத்த ஜோகோவிச், முந்தைய ஆண்டின் 2,000 புள்ளிகள் கழிந்ததால் தரவரிசையில் கீழே இறங்கினார்.

காயம், ஓய்வு, இடைவெளி என்று வரும்போது நாம் இன்னும் கடுமையாகிவிடுகிறோம். போட்டிக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம் ஓடுகிறது. விலகினால் கோழை, ஆடித் தோற்றால் தகுதியற்றவர். 2023இல் அமண்டா அனிசிமோவா மனச்சோர்வு காரணமாக ஆட்டத்திலிருந்து ஒதுங்கியபோது, இத்தோடு முடிந்தது என்றார்கள். 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றைக்கூட அவர் தாண்டவில்லை. 2025இல் அதே விம்பிள்டனில் இறுதியாட்டம் வரை வந்து, இகா ஸ்வியாடெக்கிடம் 57 நிமிடங்களில் 0-6, 0-6 எனத் தோற்றார். இனி இவர் எழவே மாட்டார் என்று எழுதியவர்களுக்குக் குறைவிருக்கவில்லை. இரண்டு மாதங்கள்கூட முடியவில்லை, அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை 6-4, 6-3 என வென்று, இறுதியாட்டம் வரை சென்றார்.