வடிவம் குலையாத சுகர் குக்கீஸ்

மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், பால் ஒரு டேபிள்ஸ்பூன். முட்டை வேண்டாம். ஏறக்குறைய 28 குக்கீஸ் வரும். மைதாவைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். கப்பில் அழுத்தி அள்ளினால் 30 கிராம்கூட ஏறிவிடும், குக்கீஸ் வறண்டு போகும்.

நம் ஊர் வெயிலில் இந்த வேலையைக் கெடுப்பது வெண்ணெய்தான். சமையல் குறிப்புகளில் வரும் ‘அறை வெப்பநிலை’ 20 டிகிரி. நம் சமையலறையோ 32. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. பளபளவென்று இளகிவிட்டால் மறுபடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளகிய வெண்ணெயில் காற்று நிற்காது. குக்கீஸ் ஓவனில் தோசை மாதிரிப் பரவும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் தண்ணீர் அதிகம், இதற்கு ஒத்துவராது. நெய்யில் செய்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நான்கட்டாய்.

சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துச் சலித்து, சூடு ஆறியதும் சேருங்கள். பொடிக்காத சர்க்கரை மாவில் கரையாமல் நின்று, வேகும்போது உருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளிறி வரும்வரை இரண்டு நிமிடம் அடித்தால் போதும். எசென்ஸ் சேர்த்து, மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்துக் கொட்டி, விரல் நுனியால் திரட்டுங்கள். மாவு உதிர்ந்தால் மட்டும் பாலைச் சொட்டுச் சொட்டாக விடவும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் மைதாவில் இழுவை வந்து, குக்கீஸ் சுருங்கிக் கடினமாகிவிடும்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே தட்டோடு ஃப்ரிட்ஜில் 30 நிமிடம். மாவு தூவித் தேய்க்க வேண்டாம், அதுவும் வறட்சிதான். குளிர்ந்த பிறகு 5 சென்டிமீட்டர் மூடியால் வெட்டுங்கள். ஓரம் கத்தி வைத்தாற்போல் நிற்கும். மேலே சிறிது சர்க்கரை தூவி லேசாக அழுத்தவும். மிச்ச மாவைச் சேர்த்து மறுபடி தேய்த்தால், மறுபடி குளிரவைக்க வேண்டும்.

ஓடிஜியில் (வீட்டுச் சிறு மின் ஓவன்) மேலும் கீழும் ராடு போட்டு 170 டிகிரியில் 15 நிமிடம் சூடேற்றி, நடுத்தட்டில் 12 முதல் 14 நிமிடம். ஓடிஜி காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒன்றாக இருக்காது. அதனால் முதலில் ஒரே ஒரு குக்கியை வைத்துப் பாருங்கள். அது பரவினால் மாவை இன்னும் குளிரவைக்கவும். அடி கருகினால் தட்டை ஒரு படி மேலே ஏற்றவும்.

ஓரம் மட்டும் இளம்பொன்னாகி, நடு வெளிறி மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேகவில்லையோ என்று தோன்றும், ஆறும்போது இறுகிவிடும். நடுவும் சிவக்கும்வரை விட்டால் கல்லாகும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். சுடச்சுட எடுத்தால் உடையும்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடவும். மழை நாளில் நமத்துப் போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.