சோழகத்துக்குத் தீவு, வாடைக்கு வடமராட்சி: யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரம் சைக்கிள் ஓடத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலாகப் பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போனது ஓர் ஆடி மாதத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. போகும்போது சைக்கிள் தானாகவே ஓடியது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று ஊர்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. வல்லை வெளியில் காலைச் சும்மா வைத்துக்கொண்டே கன தூரம் உருண்டேன். 'நமக்கு உடம்பு பரவாயில்லைப்போல' என்று நினைத்துக்கொண்டு, பருத்தித்துறையில் தட்டை வடை தின்று, தேத்தண்ணியும் குடித்து, பதினொரு மணிக்கு ஆறுதலாகத் திரும்பினேன்.

திரும்பி வல்லை வெளிக்குள் இறங்கியதும் சோழகக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. நடப்பவரோடு போட்டி போடும் வேகத்தில் உழக்கிக்கொண்டிருந்தேன். கரியரில் பனையோலைக் கட்டு வைத்திருந்த ஓர் ஐயா, பழைய லுமாலா சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் திரும்பிப் பாராமலே, "காத்துக்கு நெஞ்சைக் காட்டாதையும் தம்பி. குனிஞ்சு உழக்கும்" என்றார். காலையில் என்னைக் கொண்டுபோனது என் கால் இல்லை, காற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்தக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே 'எவ்வளவு தூரம் போகலாம்' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்?'

படி 1: இருக்கிற சைக்கிளைச் சரிபாருங்கள்

கியர் சைக்கிள் வாங்கினால்தான் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் கொட்டிலில் கிடந்தவை எல்லாம் மறுபடி தெருவுக்கு வந்தன. முதல் 50 கிலோமீற்றருக்கு லுமாலா தாராளமாகப் போதும்.

மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது சீற்றின் உயரம். சீற்றில் இருந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வரவேண்டும். பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். நம்மில் பலர் இரண்டு காலும் நிலத்தில் முட்டும்படி சீற்றைப் பதித்து வைத்திருக்கிறோம். கடைக்குப் போய்வர அது சரி, 40 கிலோமீற்றர் போனால் முழங்கால் நோகும். இரண்டாவது பிறேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்பது. மூன்றாவது ரயர். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

படி 2: காற்றைப் பார்த்துத் திசையை முடிவெடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடை, வடகிழக்கிலிருந்து. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுவது இந்த வடகிழக்குக் காற்றில்தான்.

இப்போது குடாநாட்டின் படத்தை மனதில் விரியுங்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு எல்லாம் மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கின்றன. பருத்தித்துறை உள்ள வடமராட்சி வடகிழக்கில் இருக்கிறது. உடம்பில் பலம் இருக்கும் காலையில் எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றை முதுகில் ஏந்தி வீட்டுக்கு வருவதுதான் புத்தி. ஆகவே சோழகத்துக்குத் தீவுப் பக்கம், வாடைக்கு வடமராட்சிப் பக்கம். அந்த ஆடி மாதத்தில் நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்தேன்.

'போகும்போது காற்றுத் தள்ளினால் வரும்போது எதிர்க்கும், மொத்தத்தில் சமன்தானே?' என்று கேட்பார்கள். சமன் இல்லை. போக 30, வர 30 கிலோமீற்றர் என்று வையுங்கள். காற்றே இல்லாமல் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடினால் 4 மணித்தியாலம். காற்றோடு 20 இலும் எதிர்க்காற்றில் 10 இலும் ஓடினால் ஒன்றரையும் மூன்றுமாக நாலரை மணித்தியாலம். காற்றுத் தந்ததை விட எடுத்தது கூட. இன்னொன்று, நீங்கள் மணிக்கு 18 கிலோமீற்றரில் போக, எதிரே 18 இல் காற்று வந்தால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 36. வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால்தான் எதிர்க்காற்றில் பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பவர் அரை மணித்தியாலத்தில் முடிந்துபோகிறார். வேகத்தை விடுங்கள். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிகிற அளவில் உழக்குங்கள். கியர் இருந்தால் இலேசான கியருக்கு மாற்றுங்கள். லுமாலா என்றால் முழங்கையை மடித்துக் குனியுங்கள், ஐயா சொன்னது போல.

கைபேசியில் வானிலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தென்மேற்குக் காற்று என்று போட்டிருந்தால் தென்மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள், தென்மேற்குக்குப் போகிறது என்று இல்லை. காற்றின் வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் வரை என்றால் நிம்மதியாகப் போகலாம். 25 என்றால் தெரியும். 30 ஐத் தாண்டினால், புதிதாகத் தொடங்கியவர்கள் அன்றைக்குப் பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் போன்ற கடலை ஊடறுத்த பாதைகளை விட்டுவிட்டு, வேலியும் மரமும் உள்ள வலிகாமத்து ஊர்களுக்குள் ஓடலாம். இது என் கணக்கு. உங்களுக்குப் பழகப் பழக வேறாகும்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் கணக்கே வேண்டாம், சைக்கிளை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது இங்கே ஒழுங்கைகளுக்குள் நின்ற வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும்.

படி 3: தூரத்தை மெல்லக் கூட்டுங்கள்

முதல் வாரம் 15 கிலோமீற்றர். பிறகு வாரத்துக்கு 5 கிலோமீற்றர் கூட்டலாம். முதல் நல்ல ஓட்டத்துக்கு நிலாவரைக் கிணற்றைச் சொல்வேன். கோப்பாயால் போனால் நகரத்திலிருந்து 15 கிலோமீற்றர் அளவில். இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம், புகையிலையும் வெங்காயமும் வாழையும். கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். திரும்பும்போது உரும்பிராயால் வாருங்கள். இது கைக்கு வந்த பிறகு கீரிமலை, பிறகு காரைநகர், கடைசியாகப் புங்குடுதீவும் குறிகாட்டுவான் இறங்குதுறையும்.

படி 4: கொண்டுபோக வேண்டியவை

தண்ணீர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல், வெயில் நாளில் முக்கால். தாகம் எடுக்கும்வரை பார்க்காமல் அடிக்கடி ஒரு மிடறு குடியுங்கள். தீவுப் பக்கம் கடைகள் இடைவெளி விட்டுத்தான் வரும், ஆகவே இரண்டு போத்தல். வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு போத்தலில் தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் கரைத்து வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுச் சக்திக் கட்டிகளைத் தேடி அலையாதீர்கள். பனங்கட்டித் துண்டு, கதலி வாழைப்பழம், வறுத்த கச்சான். மணித்தியாலத்துக்கு ஒருதடவை கொஞ்சமாக, பசிக்கும் முன்பே. புழுக்கொடியலையும் சொல்லலாம், ஆனால் அதைச் சப்பி முடிக்கிற நேரத்தில் அடுத்த ஊர் வந்துவிடும்.

பம்ப், ஒட்டு, சொலுசன், சின்ன ஸ்பனர், மழைக்கு மெல்லிய ரெயின்கோட், கைபேசியைச் சுற்ற இரண்டு பொலித்தீன் பை. தலைக்கவசம் போடுங்கள், ஊரார் சிரித்தாலும். காற்சட்டையின் வலது காலைச் சப்பாத்து மேசுக்குள் செருகுங்கள். சுடிதார் போடும் பிள்ளைகள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிவிடுங்கள், சில்லுக்குள் போனால் பெரிய ஆபத்து. அவசரத்துக்கு 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

படி 5: விடிய முன் புறப்படுங்கள்

ஐந்தரைக்குக் கிளம்பினால் காற்று இன்னும் நித்திரை. பத்து மணிக்கு மேல் வெயிலும் காற்றும் சேர்ந்து ஏறும். முன்னும் பின்னும் லைற் கட்டாயம். ஒழுங்கை நாய்களைப் பற்றியும் சொல்லவேண்டும். துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, குரல் கொடுத்துக்கொண்டு நடந்தால் பத்து அடியில் அதற்கே அலுத்துவிடும்.

பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. கையைத் தளர்த்துங்கள், சைக்கிள் கொஞ்சம் ஆடட்டும். பஸ் முந்தும்போது ஒரு கணம் காற்று மறைபடும், பஸ் போனதும் மறுபடி அடிக்கும். அந்த அடிக்கு ஆயத்தமாக, பாதை ஓரத்து விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே ஓடுங்கள். குளிர்காலத்தில் களப்பில் பூநாரைகள் நிற்கும். நின்று பாருங்கள், ஓடிக்கொண்டு பார்க்காதீர்கள்.

படி 6: மழை வந்தால்

மழை வருவதற்குக் கொஞ்சம் முன்பு காற்று திடீரென்று குளிரும், திசையும் மாறும். அதுதான் கைபேசியைப் பையில் சுற்றவேண்டிய நேரம். தூறல் தொடங்கிய முதற் பத்து நிமிடம்தான் தெரு அதிகம் வழுக்கும், தூசியும் எண்ணெயும் நனைந்து பசையாகும். உழவு இயந்திரம் செம்மண்ணை இழுத்துவிட்ட இடங்களில் இன்னும் மோசம். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் திருப்ப வேண்டாம்.

நனைந்த பிறேக் உடனே பிடிக்காது. லுமாலாவின் கம்பிப் பிறேக்கும் இரும்பு வளையமும் என்றால் சொல்லவே வேண்டாம். சந்திக்கு நிறைய முன்பே இலேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள், வளையத்துத் தண்ணீர் துடைபடும். தேங்கிய தண்ணீருக்குள் ஓடாதீர்கள், அதற்குள் கிடங்கு எவ்வளவு ஆழம் என்று தண்ணீர் சொல்லாது.

இடி வேறு விடயம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடிமழை வரும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே ஒரு வீட்டுக்கோ கடைக்கோ கோயிலுக்கோ ஒதுங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் புறப்படலாம். வல்லை போன்ற வெளியில் தனிப்பனைக்குக் கீழே ஒருநாளும் நிற்கவேண்டாம். இங்கே தலை இல்லாத பனைகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஷெல் விழுந்தவை இல்லை, மின்னலுக்குப் போனவையும் உண்டு.

படி 7: ரியூப்பில் காற்றுப் போனால்

இது வேறு காற்று. முதலில் வால்வில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் ரியூப்பில் ஓட்டை இல்லை, வால்வுக்குள் இருக்கும் சின்ன இறப்பர் குழாய்தான் போயிருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

குமிழி இல்லையென்றால் ரயரைச் சுற்றிக் கண்ணால் தேடுங்கள். முள்ளோ கண்ணாடியோ தெரிந்தால் அந்த இடத்தை அடையாளம் வையுங்கள். சில்லைக் கழற்றத் தேவையில்லை. ரயரின் ஒரு பக்கத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி, ரியூப்பை வெளியே இழுங்கள். கொஞ்சம் காற்றடித்து, ரியூப்பைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், ஓட்டை எங்கே என்று தோல் சொல்லும். அந்த இடத்தை உரஞ்சி, ஒட்டுத் துண்டை விடப் பெரிதாகச் சொலுசன் பூசி, மினுக்கம் போகும்வரை பொறுங்கள். அவசரப்பட்டால் ஒட்டாது. ஈரத்திலும் ஒட்டாது, ஆகவே மழையென்றால் முதலில் கூரை தேடுங்கள். பிறகு ஒட்டுத் துண்டை வைத்து நன்றாக அமுக்குங்கள்.

ரியூப்பை உள்ளே தள்ளுமுன் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். புங்குடுதீவுத் தெருவில் நான் இதைச் செய்யாமல் விட்டேன். ஒட்டிப் பூட்டி, காற்றடித்து, கையைத் துடைத்து, ஒரு மதகைத் தாண்டியிருப்பேன், மறுபடி சப்பை. நெருஞ்சி முள் ரயருக்குள்ளேயே இருந்தது.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

குளிக்கப் போகுமுன் சைக்கிளைக் கவனியுங்கள், பிறகு என்றால் நடக்காது. பாலத்தால் வந்த சைக்கிளில் உப்புப் படிந்திருக்கும். வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, பழந்துணியால் செயினைத் துடைத்து, வெயிலில் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளியாக விடுங்கள். மிச்சத்தைத் துடைத்து எடுங்கள், இல்லையென்றால் மண் ஒட்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பாகும். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, நிழலில் கவிழ்த்து வையுங்கள். பின்னேரம் ஒருதடவை பேப்பரை மாற்றினால் அடுத்தநாள் காலைக்குக் காய்ந்திருக்கும்.